பத்துக்கு ஆறரை

எத்தனை வரி எழுதணும் டீச்சர் என்று இன்றைக்கும் எவனாவது கேட்பான் என்பது பியூலா டீச்சருக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் மாறும், பெஞ்சு மாறும், கேள்வி மட்டும் மாறாது. அவள் இன்னும் பாடத்தையே தொடங்கவில்லை. 'சொல்லின் வலிமை' என்று போர்டில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, சாக்பீஸ் தூள் சேலையில் படாமல் கையைத் தட்டிவிட்டுத் திரும்புகிறாள், அதற்குள் மூன்றாவது பெஞ்சு இசக்கிராஜா கையைத் தூக்கிவிட்டான். முதல்ல பாடத்தைக் கேளுல, பொறவு வரிய எண்ணலாம் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நல்ல வேளை, சிரித்தார்கள். ஏழாம் வகுப்பு, ஏழாவது பீரியட், மாசி மாத வெயில், மதியம் தின்ற சாம்பாரும் முட்டையும் உள்ளே போய்க் கண்ணைச் சொக்கவைக்கிற நேரம். மணி இரண்டு ஐம்பது. மூன்றரைக்கு மணி அடிக்கும். நாலு மணிக்கு ஜெமி கையெழுத்துப் போட்டுவிடுவாள். மேஜைமேல் கைப்பை இருக்கிறது, கைப்பைக்குள் ஜிப் வைத்த ஒரு அறை, அதற்குள் போன், போனுக்குள் அந்தச் செய்தி. வகுப்பில் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று ஹெச்.எம். சுற்றறிக்கை விட்டபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் பியூலாதான். அந்தச் சுற்றறிக்கையின் தமிழைத் திருத்திக் கொடுத்தவளும் அவள்தான். எடுக்கத்தான் என்ன அவசியம்? சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம் படித்தது அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கென்யாவுக்குப் போறேன். மூணு வருஷம். இன்னைக்கு நாலு மணிக்குக் கையெழுத்து. அவ்வளவுதான். எட்டு வார்த்தை. அம்மா என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் ஒன்பதாகியிருக்கும். பெற்றது ஒரே மகள், ஜெமிமா, இருபத்தாறு வயது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனிக்காரன் கென்யாவில் ஒரு கிளை திறக்கிறானாம். அதைக்கூட மகள் சொல்லவில்லை, போன மாதம் சர்ச்சில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பாடத்துக்கு வா பியூலா, நாற்பது பிள்ளைகள் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சொல்லுக்கு வலிமை உண்டு என்று அவள் சொன்னதும், கராத்தே மாதிரியா டீச்சர் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவும் வருஷா வருஷம் வருகிற குரல்தான். சரி, நீங்களே சொல்லுங்க, வீட்டுல எந்தெந்த வார்த்தையச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்காங்க? கேட்டதுதான் தாமதம், தூக்கம் போய்விட்டது பிள்ளைகளுக்கு. கெட்ட வார்த்தை என்று ஒருவன் தொடங்க, அவன் காதை இவள் பார்வையாலேயே திருகி உட்காரவைத்தாள். அரிசி இல்லன்னு சொல்லக் கூடாது டீச்சர், நெறஞ்சிருக்குன்னுதான் எங்கம்மா சொல்லுவாவ. விளக்க அணைன்னு சொல்லக் கூடாது டீச்சர், அமத்துன்னு சொல்லணும். ஜன்னலோரத்து மதுஷா எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை, ரெட்டைச் சடை, எப்போதும் ஒரு சடையில் ரிப்பன் இருக்காது. வீட்ட விட்டு எறங்குறப்ப போறேன்னு சொல்லக் கூடாது டீச்சர், போய்ட்டு வாரேன்னு சொல்லணும். எங்கப்பா ஒரு நாள் போறேன்னு சொல்லிட்டாவன்னு எங்கம்மா திரும்ப உள்ள கூப்ட்டு, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, பொறவு மாத்திச் சொல்லச் சொல்லி அனுப்புனாவ. வகுப்பு சிரித்தது. பியூலாவும் சிரித்தாள், வாயால் மட்டும். மாத்திச் சொல்லச் சொல்லி அனுப்புனாவ. அது எப்படி எனக்குத் தோணாமல் போயிற்று? கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஜெமி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, போறேன்மா என்று சொன்னாள். தெளிவாகக் காதில் விழுந்தது. பஸ் இன்னும் கிளம்பவில்லை, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், அஞ்சு நிமிஷம் இருந்தது. இறங்குட்டி, வீட்டுக்கு வா, தண்ணியக் குடி, மாத்திச் சொல்லிட்டுப் போ என்று கூப்பிட்டிருக்கலாம். அந்த அஞ்சு நிமிஷமும் இவள் என்ன செய்தாள்? பஸ்ஸில் ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு வந்த செய்தியிலும் போறேன் என்றுதான் இருக்கிறது. மதுஷா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டது. நல்லாச் சொன்ன, உக்காரு என்றாள்.

அப்புறம் எழுதச் சொன்னாள். கடிதம். வழக்கமாக எழுதுகிற அனுப்புநர், பெறுநர், விடுப்பு விண்ணப்பம் ஒன்றும் வேண்டாம். நலம் நலமறிய ஆவல் என்று எவராவது தொடங்கினால் வெளியே நிற்கவேண்டியதுதான். உங்களுக்கு உண்மையா யாருகிட்டயாவது ஒண்ணு சொல்லணும், வாய் வரல, அத எழுதுங்க. யாருக்குன்னாலும் சரி. இசக்கிராஜா மறுபடி கையைத் தூக்கினான். எத்தனை வரி டீச்சர், ஒரு பக்கத்துக்கு மிகாமலா? ஒரு பக்கத்துக்கு மிகாமல். வினாத்தாளில் அப்படித்தான் வரும், எல்லா வருஷமும், எல்லாப் பள்ளிக்கூடத்திலும். அன்பைப் பற்றி எழுதச் சொன்னாலும், அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னாலும், ஒரு பக்கத்துக்கு மிகாமல். ஆமா என்று சொல்ல வாய் திறந்தவள், சொல்லாமல் நின்றாள். நாலரைப் பக்கம் இருந்தது, ஐந்து மாதத்துக்கு முன்னால் ஜெமி எழுதிய கடிதம். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதி, கடைசித் தாளில் பாதி வரைக்கும். கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லல, எழுது என்றாள். அவன் நம்பாமல் பார்த்துவிட்டுக் குனிந்தான். நாற்பது தலையும் குனிந்தது. பேனா ஊருகிற சத்தம், விசிறி கட்டக் கட்ட என்று சுற்றுகிற சத்தம், வெளியே வேப்பமரத்தில் காக்கா. இந்த அமைதியைத்தான் அவள் இத்தனை வருஷம் விரும்பி வந்திருக்கிறாள். வீட்டில் இருக்கிற அமைதி வேறு ஜாதி. அங்கே சாயங்காலம் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்து முகத்தில் மோதும். கால் கழுவ, விளக்கைப் போட, ஒரு டம்ளர் காப்பி கலக்க, அதுவரைக்கும் பரவாயில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு என்ன செய்வது? செய்திகள் வாசிக்கிறவனின் உச்சரிப்பைத் திருத்துவாள், சத்தமாக, அவனுக்குக் கேட்கிற மாதிரி. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டி, யாரு டீச்சர் வந்திருக்கா, பேச்சுக் குரல் கேட்டுதே என்று கேட்டாள். யாருமில்லக்கா என்று சொல்வதற்குள் முகம் சூடாகிப் போயிற்று.

பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினாள். கையில் சிவப்புப் பேனா. அது எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது, வகுப்பில் எழுந்து நடந்தால் அது வந்துவிடும், வீட்டிலும் அப்படித்தான், அதுதான் வினை. அன்றைக்குச் செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து, மத்தியானம் தனியாக ஒரு துண்டு மீன் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, காலாண்டுத் தேர்வுப் பேப்பர்க் கட்டை அவிழ்த்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தபால்காரர் போட்டுவிட்டுப் போன உறை அதே மேஜையில் கிடந்தது. ஜெமியின் கையெழுத்து. என்னத்துக்கு இவ கடுதாசி எழுதுதா, போன் இல்லையா என்று முதல் நாள் பிரிக்காமலே வைத்திருந்தாள், பயம்தான், வேறென்ன. இருபத்திரண்டு பேப்பர் முடித்த பிறகு ஒரு வேகம் வந்தது. அந்த வேகத்தில் உறையைப் பிரித்து, பேனாவைக் கீழே வைக்காமல் படித்தாள். படித்தாள் என்பதுகூடச் சரியில்லை, திருத்தினாள். கண் எழுத்தின்மேல் ஓட, கை தன் பாட்டுக்குப் பின்னாலேயே ஓடியது. இந்த வரி நன்றாயிருக்கிறது என்று ஒரு சரி. இங்கே ஒரு சுழி. இங்கே ஓரத்தில் நாலு வார்த்தை. கடைசித் தாளின் அடியில் வந்து, கருத்து நன்று, சுருக்கி எழுதப் பழகவும் என்று எழுதி, ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் மதிப்பெண்ணும் போட்டு, தேதியிட்டுச் சுருக்கொப்பமும் இட்டு, அடுத்த பேப்பரை எடுக்கக் கையை நீட்டியபோதுதான் கை நின்றது. பத்துக்கு ஆறரை. ஆறு போட்டிருந்தால் ஏதோ புத்தி கெட்டுப் போட்டாள் என்று ஆகும். அரை என்பது யோசித்துப் போடுவது. யோசித்திருக்கிறாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் தன் பிள்ளையை எங்கே நிறுத்தலாம் என்று யோசித்து நிறுத்தியிருக்கிறாள். ஐந்தாவது பெஞ்சில் ஒரு பையன் இவள் நிழல் தாளில் விழுந்ததும் முழங்கையால் தாளை மறைத்தான். இவள் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தாள்.

எதற்கு வெட்டினாய் அந்த மூன்றரை மார்க்கை, அதைச் சொல் முதலில். இந்தக் கேள்வியை அவள் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில், சர்ச்சில், கோலம் போடுகிற பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது. ஒவ்வொரு தரமும் அதே தாளின் அதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். இரண்டாம் பக்கம், நடுவில். எம்மா, அப்பா இருந்தப்ப நீ பேப்பர் திருத்திட்டு இருப்ப, அப்பா அந்தப் பேப்பர எடுத்து சினிமா வில்லன் மாதிரி வாசிச்சுக் காட்டுவாங்க, நீ கண்ணுல தண்ணி வாற வரைக்கும் சிரிப்ப, போதும் போதும்னு அப்பா கையப் பிடிச்சு இழுப்ப. அந்தச் சிரிப்ப நான் அதுக்கப்புறம் கேக்கவே இல்லம்மா. எனக்கு அது ஞாபகத்துல இருந்து போயிருமோன்னு பயமா இருக்கு. இப்படி எழுதியிருந்தாள் பிள்ளை. அதற்கு நேரே, ஓரத்தில், சிவப்பில், தேவையற்ற விவரம் என்று எழுதியிருந்தது. யார் எழுதியது? பேய் வந்து எழுதியதா? புருஷன் ராஜகுமார் போகும்போது ஜெமிக்கு ஒன்பது வயது. மார்வலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மறுமாதமே இவள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள், வந்து நின்று பாடம் நடத்தினாள், நடத்தியதை அப்படியே வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். சாப்பிட வா என்பதைக்கூட வருகைப்பதிவு எடுக்கிற குரலில்தான் சொல்லியிருக்கிறாள் போல. அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று அழவில்லை. சரி, அழவேண்டாம், சிரிப்பதற்கு என்ன கேடு வந்தது? அதை ஏன் நிறுத்தினாள்? நிறுத்தவேண்டும் என்று நிறுத்தவில்லை, வாசித்துக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். மணி மூன்று பத்து.

கிழித்துப் போட்டிருக்கலாம். திருப்பூருக்கு அடுத்த பஸ் ஏறியிருக்கலாம். இவள் என்ன செய்தாள், தாளை நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். சங்கீதங்களுக்கு நடுவில். ஏன் அங்கே வைத்தாள் என்றால், வீட்டில் மற்றப் புத்தகம் எல்லாவற்றையும் இவள் அடிக்கடி எடுப்பாள், அந்தப் பெரிய வேதப்புத்தகம் மாமனார் வாங்கியது, குடும்ப ஜெபத்துக்கு மட்டும் எடுப்பது, குடும்பம் என்று ஒன்று கூடினால்தானே குடும்ப ஜெபம்? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெமி குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, பாயை விரித்து, அம்மா நான் வாசிக்கேன் என்று அவளாகவே புத்தகத்தை எடுத்துவிட்டாள். அப்போது இவள் அடுக்களையில் முறுக்குச் சட்டியை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். ஓடி வருவதற்குள் தாள் விழுந்துவிட்டது. ஜெமி அதை எடுத்தாள். விரித்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நிதானமாக, தன் கடிதத்தைத் தானே படித்தாள், சிவப்பையும் சேர்த்து. பிறகு மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, சங்கீதத்தை வாசித்தாள். குரல் ஆடவே இல்லை. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்றவேண்டிய இடத்தில் ஏற்றி, அவ்வளவு அழகாக வாசித்தாள். அப்படி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தானே. ஆமென் சொன்னார்கள் இருவரும். ஜெமி, அது வந்து என்று தொடங்கினாள் இவள். சொல்லும்மா என்றாள் ஜெமி. அது வந்து என்பதற்கு அப்பால் ஒரு வார்த்தை வரவில்லை. முப்பத்தோரு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த வாய். முறுக்கு கருகுதும்மா என்றாள் ஜெமி. கருகவில்லை, இவள்தான் சட்டியை இறக்கிவிட்டாளே. இருந்தும் இரண்டு பேரும் எழுந்து அடுக்களைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஜெமி சுருக்கி எழுதப் பழகிவிட்டாள். அம்மா சொன்னதைத் தட்டாத பிள்ளை. முன்பெல்லாம் போனில் செய்தி அனுப்பினால் முழம் முழமாக வரும். பக்கத்து மிஷின்காரிக்குக் கல்யாணம், ஹாஸ்டல் சாம்பாரில் பூச்சி, நடுவில் இரண்டு சிரிப்புப் படம். இப்போது சாப்பிட்டேன். சரி. வேலை. தூக்கம். ஒரு நாள் வெறும் ம் என்று வந்தது. அதற்கு மேல் சுருக்க முடியாது, அடுத்தது ஒன்றுமில்லாமல் போவதுதான். போன் பண்ணிப் பேசலாமே என்றால் பேசலாம். ஆனால் வாயைத் திறந்தால் உள்ளேயிருந்து டீச்சர்தான் முந்திக்கொண்டு வருகிறாள். போன வாரம் அப்படித்தான், உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று தொடங்கி, ஹாஸ்டலில் கொசுவலை கட்டுவது எப்படி என்று பத்து நிமிஷம் நடத்தி முடித்தாள். நாலரைப் பக்கத்தில் பிள்ளை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கடைசித் தாளில், வட்டத்துக்கு நாலு வரி மேலே. இங்க எனக்குன்னு யாரும் இல்லம்மா. அங்க உனக்கும் யாரும் இல்ல. நான் வீட்டுக்கு வந்துரட்டா? நம்ம பக்கத்துல ஏதாவது வேலை பாத்துக்கிடுதேன். அந்தக் கேள்விக்கு நேரே ஒரு சரி போட்டிருந்தது. பெரிய சரி, வால் நீண்ட சரி. கேள்விக்குச் சரி போட்டுவிட்டு விடை எழுதாத டீச்சரை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? அது வா என்கிற சரியா, வாக்கியம் சரி என்கிற சரியா, ஜெமிக்கு எப்படித் தெரியும்? இவளுக்கே தெரியாது. தெரியாது என்பது பொய். வா என்றுதான் முதல் நாளிலிருந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இவளுக்கு மகள் வேண்டும், வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு வேண்டும், இன்னொரு டம்ளர் கழுவவேண்டும். அதனாலேயே பயம். தன் தனிமைக்குத் துணை தேடி, பிள்ளையின் வேலையைக் கெடுத்து, இந்தச் செம்மண் காட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்தால், நாளைக்கு அவள் என்ன சொல்வாள்? அப்போது கேட்டாள், இப்போது அவளுக்கே வேண்டாமோ என்னவோ. வேண்டாம் என்றால் எதற்கு இன்றைக்கு நாலு மணி என்று நேரத்தைச் சொல்லவேண்டும்? கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லியிருக்கலாமே. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. ஜன்னலோரம், மதுஷாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில்.

மதுஷா ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். இவள் நிற்பதைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பார்வை இவள் முகத்துக்கு வரவில்லை, சிவப்புப் பேனாவிலேயே நின்றது. யாருக்குட்டி எழுதுத? சொல்ல மாட்டேன் டீச்சர். சரி, சொல்லாண்டாம். டீச்சர், இதுக்கு மார்க் உண்டா? ஏன் கேக்க? இல்ல டீச்சர், மார்க் உண்டுன்னா இது வேண்டாம், வேற ஒண்ணு நல்லா எழுதித் தாரேன். வேற ஒண்ணு நல்லா எழுதித் தாரேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எதை மார்க்குக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று. ஜெமிக்கும் தெரிந்துதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனை கட்டுரை எழுதி எத்தனை கப்பு வாங்கியிருக்கிறாள், அதில் ஒன்றில்கூட அப்பாவின் வில்லன் குரல் வந்ததில்லை. மார்க் இல்லாத இடம் என்று நம்பித்தான் அம்மாவுக்கு எழுதினாள். பியூலா சிவப்புப் பேனாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மார்க் கிடையாதுட்டி, நான் வாசிக்கக்கூட மாட்டேன், எழுதி முடிச்சு நீயே வீட்டுக்குக் கொண்டு போ, யாருக்குக் குடுக்கணுமோ அவங்களுக்குக் குடு என்றாள். அது மதுஷாவுக்குச் சொன்னது. ஆனால் குரல் கொஞ்சம் கூடப் போய்விட்டது போல, வகுப்பு முழுக்கத் தலை நிமிர்ந்தது. அப்ப எங்களுக்கும் மார்க் இல்லையா டீச்சர் என்று இசக்கிராஜா கேட்டான், குறைபட்டுக்கொள்கிற குரலில். ஒனக்கும் இல்லல. நாலைந்து பேர் சட்டென்று எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் புதிதாகத் தொடங்கினார்கள். மூன்றே காலுக்கு மேல் ஆகியிருந்தது.

மணி அடித்தது. அடுத்தது விளையாட்டுப் பீரியட், பிள்ளைகளைப் பிடித்துவைக்க யாராலும் முடியாது, மதகு திறந்த மாதிரி ஓடிவிட்டார்கள். மதுஷா மட்டும் ஜன்னலோரத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பியூலா நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றறிக்கையிடமும் ஹெச்.எம்.மிடமும் மனதில் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, போனை எடுத்தாள். மூன்று முப்பத்திரண்டு. உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு என்று அடித்தாள். அழித்தாள். விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. உன் விருப்பம் எதுவோ அதையே என்று தொடங்கினாள், அது பொய், அழித்தாள். நன்றாக யோசித்து முடிவெடு, அதுவும் போயிற்று. ஒவ்வொன்றாக அழிக்க அழிக்கக் கடைசியில் மிஞ்சியது ஒரே எழுத்து. வா. ஐந்து மாதம் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டு கிடந்த அந்த ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டுப் போனை மேஜையில் வைத்தாள். உடனே இரண்டு டிக்கும் நீலமானது. பார்த்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மைதானத்தில் விசில் சத்தம். இப்போது ம் என்று வரும், இல்லை என்றால் லேட்டும்மா என்று வரும், இல்லை என்றால் ஒன்றுமே வராது. வந்தது. விரித்து எழுதவும்.

அவள் அதை மூன்று தரம் படித்தாள். அரைகுறை விடைகளுக்கு அடியில் இவள் ஆயிரம் தரம் எழுதிய வார்த்தை. ஜெமியின் நோட்டிலேயே எத்தனை தரம் எழுதியிருப்பாள். இது சிரித்துக்கொண்டு எழுதியதா, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதா? எழுத்துக்கு முகம் இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனாலும் வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தாள். சிரிப்பு. தனியாக, சாக்பீஸ் தூளுக்கு நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள், சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பதினேழு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற சத்தம், அவளுக்கே புதிதாக இருந்தது. மதுஷா தலையைத் தூக்கி, கொஞ்சம் பயந்து, என்ன டீச்சர் என்றாள். ஒண்ணுமில்லட்டி. போனில் அடிக்க வேண்டாம், தாளில் எழுதுவோம், எழுதிப் படம் பிடித்து அனுப்புவோம், ஒவ்வொரு பக்கமாக அனுப்பினாலும் நாலு மணிக்குள் இரண்டு பக்கமாவது போய்விடும். மேஜையில் இருந்த பேனாவை எடுத்தாள். சிவப்பு. கைப்பைக்குள் தேடினாள், இன்னொன்று, அதுவும் சிவப்பு. எழுந்து ஜன்னலோரத்துக்குப் போய், பிள்ளை பெஞ்சில் பிள்ளைக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீலப் பேனா இன்னொண்ணு வச்சிருக்கியாட்டி? ஒரு தாளும் தா. மதுஷா டப்பாவைத் திறந்து மூடியில்லாத பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நீங்களும் எழுதப் போறீங்களா டீச்சர், யாருக்கு? எம்மவளுக்கு. எத்தனை பக்கம்? தெரியலட்டி. அவங்க வாசிச்சுட்டு ஏதாவது சொல்லுவாங்களா டீச்சர் என்று பிள்ளை கேட்டது, கேட்டுவிட்டு, கவிழ்த்துவைத்த தன் தாளைப் பார்த்துக்கொண்டது. தெரியல, எனக்கும் பயமாத்தான் இருக்கு என்றாள் பியூலா. பேனாவை உதறிப் பார்த்தாள், மை வந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. ஜெமி, அப்பா வில்லன் மாதிரி வாசிச்சுக் காட்டுனது அப்பப் படிச்ச இசக்கிமுத்துங்கிறவனோட பேப்பர், அவன் என்ன எழுதியிருந்தான்னா என்று தொடங்கினாள்.